தப்பான விலாசத்தைப் படித்தவர்கள்

இந்த எபிசோடில் ராஜா, போர், கல்வெட்டு எதுவும் இல்லை. விலாசம் தப்பா எழுதின கடிதத்தையும் பார்சலையும் இவ்வளவு காலமா யார், எப்படிக் கையாண்டாங்க என்கிற வரலாறு. கேட்க ரொம்பச் சின்ன விஷயமாத் தெரியும். 2019-ல் முதல் வேலைக்குப் போகிற வரைக்கும் எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சது.

அது சென்னையில் ஒரு பார்சல் கம்பெனி. பேர் சொல்லப் போவதில்லை. என்னைப் போட்டது அட்ரஸ் டீமில். வாடிக்கையாளர் தாறுமாறாத் தட்டி அனுப்புகிற விலாசத்தை மெஷின் புரிஞ்சுக்கிட்டு, எந்த ஊர் ஹப்புக்குப் போகணும்னு முடிவு பண்ணணும். முடியலைன்னா அந்தப் பார்சல் கன்வேயரிலிருந்து விலகி, ஓரமா இருக்கிற ஒரு மேசைக்குப் போகும். அதை எக்ஸப்ஷன் டேபிள்னு சொல்லுவாங்க. அங்கே நாலு பேர் உட்கார்ந்து லேபிளைப் படிச்சு, மார்க்கரால் ஊர் பேரை எழுதி, சரியான பேக்கில் போடுவாங்க.

மேனேஜர் எனக்குக் கொடுத்த டார்கெட், அந்த மேசைக்குப் போகிற பார்சலைப் பாதியாக்கணும். நான் எழுதின ரூல் ஒரே வரிதான். ஊர் பேரும் பின்கோடும் ஒத்துப்போகலைன்னா பின்கோடை நம்பு. நியாயமாத்தானே படுது? ஊர் பேரை ஒருத்தர் திருச்சின்னு எழுதுவார், இன்னொருத்தர் ட்ரிச்சின்னு எழுதுவார், மூணாமவர் திருச்சிராப்பள்ளின்னு முழுசா எழுதுவார். எண்ணுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. டெஸ்டிங்கில் ரூல் பிரமாதமா ஓடிச்சு. நாலு பேர் இருந்த மேசையில் ஒருத்தர் மட்டும் மிஞ்சினார். மத்த மூணு பேரை எங்கே அனுப்பினாங்கன்னு நான் கேட்டுக்கவே இல்லை.

அப்புறம் ஒரு காது மெஷின் வந்தது.

சென்னையில் இருக்கிற ஒரு மகன், ஊரில் இருக்கிற அப்பாவுக்கு அனுப்பினது. அப்பா ரிட்டயர்டு வாத்தியார். ஊர் அம்மாபேட்டை. தமிழ்நாட்டில் எத்தனை அம்மாபேட்டை தெரியுமா? தஞ்சாவூர்ப் பக்கம் ஒண்ணு, சேலத்தில் ஒண்ணு, ஈரோட்டில் பவானிப் பக்கம் ஒண்ணு. பின்கோடு 614-ல் ஆரம்பிக்கணும். மகன் அவசரத்தில் 641-னு அடிச்சுட்டார். 641 கோயம்புத்தூர். மூணு அம்மாபேட்டை இருக்கிறதால் ஊர் பேரை வெச்சு முடிவு பண்ண முடியாது, அதனால் என் ரூல் எண்ணை நம்பிச்சு. பார்சல் கோயம்புத்தூர் போச்சு. அங்கே டெலிவரி பண்ற தம்பி விலாசம் கிடைக்காம லேபிளில் இருந்த நம்பருக்குப் போன் பண்ணியிருக்கார். அது அப்பாவோட நம்பர். அவருக்குத்தான் காது கேட்காதே! "வாடிக்கையாளர் போன் எடுக்கவில்லை"ன்னு பதிவாச்சு. மூணு முறை அப்படிப் பதிவானதும் ஆர்.டி.ஓ. லைசென்ஸ் கொடுக்கிற ஆர்.டி.ஓ. இல்லை, அனுப்பின இடத்துக்கே திருப்பி அனுப்புறதுக்கு எங்க தொழிலில் அதுதான் பேர். மகன் மறுபடி அனுப்பினார். அக்கவுண்டில் சேமிச்சு வெச்சிருந்த அதே விலாசம், அதே பின்கோடு, அதே ரூல். அதே கோயம்புத்தூர்.

இதை இப்படியே வைங்க, கடைசியில் திரும்ப வரேன். அந்தச் சமயத்தில்தான், இந்த வேலையை எனக்கு முன்னாடி யாரெல்லாம் செஞ்சாங்கன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அதிகமா எழுதி வெச்சிருக்கிறது அமெரிக்கத் தபால் துறையைப் பற்றி. அதனால் அங்கிருந்து தொடங்கலாம்.

1777. அமெரிக்கச் சுதந்திரப் போர் நடந்துக்கிட்டிருக்கு. புதுசா உருவான காங்கிரஸ் எபனேசர் ஹசார்ட் என்பவரை ஒரு விநோதமான பதவிக்குப் போடுது. இன்ஸ்பெக்டர் ஆஃப் டெட் லெட்டர்ஸ், அதாவது செத்த கடிதங்களுக்கு ஒரு இன்ஸ்பெக்டர். சம்பளம் வருஷத்துக்கு 100 டாலர். யாருக்கும் போய்ச் சேராத கடிதங்களைப் பிரிச்சுப் பார்க்கணும், உள்ளே பணமோ மதிப்புள்ள பொருளோ இருந்தா பத்திரப்படுத்தணும், எதிரியோட சதித் திட்டம் ஏதாவது இருந்தா காங்கிரஸுக்குச் சொல்லணும். சேராத கடிதத்தைப் பிரிக்கிற வேலை அங்கே பாதி சேவை, பாதி உளவுன்னுதான் ஆரம்பிச்சிருக்கு.

1825-ல் வாஷிங்டனில் இதுக்குன்னு தனி அலுவலகமே வந்தது. டெட் லெட்டர் ஆபீஸ். அந்தக் காலத்துக் கடிதம் எப்படிச் செத்துப்போச்சுன்னு கொஞ்சம் பார்த்துடலாம். வீட்டுக்கு வந்து இலவசமாக் கொடுக்கிற தபால்காரர் அப்போ அங்கே கிடையாது. பெரிய நகரங்களில் வீட்டுக்கே வந்து இலவசமா டெலிவரி பண்ண ஆரம்பிச்சது 1863-ல்தான். அதுவரைக்கும் நாமதான் தபால் நிலையத்துக்குப் போய், "எனக்கு ஏதாவது வந்திருக்கா?"ன்னு கேட்கணும். வாங்கப்படாத கடிதங்களோட பட்டியலைப் பத்திரிகையில் போடுவாங்க. இன்னொண்ணு, 1855 வரைக்கும் காசு கட்டாமலே கடிதம் அனுப்பலாம், வாங்குறவர் கட்டிப்பார். வாங்குறவருக்கு மனசில்லைன்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிடலாம். இப்போ கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டர் போட்டுட்டு, பார்சல் வந்ததும் வேண்டாம்னு சொல்றோமே, அதே கதை. முன்பணம் கட்டாயமான பிறகு தபால் துறைக்கு ஒரு சங்கடம். காசு வாங்கியாச்சு. சேர்க்கலைன்னா அது தங்களோட தோல்வி. தப்பான விலாசத்தை மெனக்கெட்டுப் படிக்கணும் என்கிற பொறுப்பு அப்போதான் அவங்க தலையில் உட்கார்ந்ததுன்னு நான் நினைக்கிறேன்.

ஹெர்மன் மெல்வில் 1853-ல் எழுதின 'பார்ட்டில்பி' கதையைப் படிச்சிருக்கீங்களா? எதைச் சொன்னாலும் செய்ய விரும்பலைன்னு மறுக்கிற அந்தக் குமாஸ்தா, முன்னாடி டெட் லெட்டர் ஆபீஸில் வேலை பார்த்தவர்னு ஒரு வதந்தி கதையோட கடைசியில் வரும். சேராத கடிதங்களை நெருப்பில் போட்டுப் போட்டே மனுஷன் இப்படி ஆயிட்டார் என்கிற மாதிரி. எங்க எக்ஸப்ஷன் டேபிளில் ஷிப்ட் பார்த்தவங்களுக்கு இது புரியும்.

உள்நாட்டுப் போர் வந்ததும் அந்த ஆபீஸ் நிரம்பி வழிஞ்சது. சிப்பாய் இன்னிக்கு ஒரு முகாமில் இருப்பான், நாளைக்கு வேற ஊரில், நாளை மறுநாள் உயிரோடயே இருக்க மாட்டான். வீட்டிலிருந்து வந்த கடிதம் அவனைத் தேடித் தேடி கடைசியில் வாஷிங்டனுக்கு வந்துடும். அதைப் பிரிக்க யாரை வெச்சாங்க? பணம் இருக்கிற கடிதத்தில் கை வைக்க மாட்டாங்கன்னு நம்பி, ஓய்வு பெற்ற பாதிரியார்களை வெச்சாங்க. பெண்களையும் வெச்சாங்க. போர் முடிகிற சமயத்தில் அங்கே ஆண் குமாஸ்தாக்களை விடப் பெண்கள்தான் அதிகம். நேர்மையானவங்க, கூர்ந்து படிப்பாங்க என்பதெல்லாம் வெளியே சொன்ன காரணம். ஆண்களுக்குக் கொடுக்கிறதை விடக் குறைந்த சம்பளம் கொடுத்தாப் போதும் என்பது இன்னொரு காரணம்.

கடிதத்தைப் பிரிச்சாலும் முழுசாப் படிக்க அனுமதி இல்லை. அனுப்பினவர் பேர், ஊர் தெரிகிற அளவுக்கு மட்டும் பார்க்கலாம். தெரிஞ்சா திருப்பி அனுப்பணும். தெரியலை, உள்ளே மதிப்பா எதுவும் இல்லைன்னா அழிச்சுடணும். பார்சலில் வந்த சாமான்களை ஏலம் போடுவாங்க. கொஞ்ச காலம் ஒரு மியூசியமே வெச்சிருந்தாங்க. மண்டை ஓடு, பாம்பு எல்லாம் இருந்ததாம். பாம்பைப் பார்சலில் போட்டு, அதுக்கு விலாசத்தையும் தப்பா எழுதினவர் யாரோ!

இப்போ நான் சொல்ல ஆசைப்படுகிற ஆளுக்கு வரேன். பேட்டி லைல் காலின்ஸ். அமெரிக்கத் தென் மாநிலத்துப் பெண். கணவர் இறந்த பிறகு குடும்பத்தைக் காப்பாத்த வேலைக்கு வந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அந்த ஆபீஸில் அவர்தான் நட்சத்திரம். அவருக்கு இருந்த பட்டம் 'ப்ளைண்ட் ரீடர்'. பார்வை இல்லாதவர்னு அர்த்தம் இல்லை. சாதாரணமா யாராலும் படிக்க முடியாத விலாசங்களைப் படிக்கிறவர்தான் ப்ளைண்ட் ரீடர். ஒரு நாளைக்கு ஆயிரம் விலாசம் வரைக்கும் அவர் கையில் வரும். பல நாடுகளிலிருந்து குடியேறின மக்கள் காதில் விழுந்தபடி ஊர் பேரை எழுதி அனுப்பின காலம் அது. பாதி எழுதினது, மாநிலம் இல்லாதது, கிறுக்கினது எல்லாமே அங்கேதான் போகும்.

அவரைப் பற்றிச் சொல்ற ஒரு சம்பவம். ஒரு கடிதத்தில் ஒரு பெண்ணோட பேரும், ஊர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஸ்டாக்' என்கிற சொல்லும் மட்டும் இருந்தது. அவ்வளவுதான். ஸ்டாக்ல ஆரம்பிக்கிற ஊர் அமெரிக்காவில் எத்தனையோ. காலின்ஸ் பார்த்தது ஊர் பேரை இல்லை, ஆள் பேரை. அந்தப் பெண்ணோட குடும்பப் பேர் மார்பரி. மார்பரின்னு பேர் வெச்சவங்க மாசச்சூசெட்ஸில் ஸ்டாக்பிரிட்ஜ் பக்கம் நிறைய இருக்காங்கன்னு அவருக்குத் தெரியும். அங்கே அனுப்பினார், சேர்ந்துடுச்சு. இன்னொரு கடிதத்தில் இருந்தது 'தீவு' என்கிற ஒரு சொல் மட்டும். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு பகுதியை உள்ளூர்க்காரங்க வெறுமனே 'தீவு'ன்னுதான் சொல்லுவாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. நம்ம ஊரில் 'கோட்டை'ன்னு மட்டும் எழுதினா எந்தக் கோட்டைன்னு சொல்ல முடியுமா? எழுதினவர் எந்தப் பக்கத்து ஆள்னு தெரிஞ்சா முடியும். அப்படித்தான்.

முதல்முறை படிச்சப்போ இதை நான் 'பாட்டி வைத்தியம்' மாதிரி ஒரு ருசியான கதையாத்தான் எடுத்துக்கிட்டேன். அவர் செஞ்சதோட முழு அர்த்தம் எனக்குப் புரிஞ்சது, அவருக்கு நூறு வருஷம் கழிச்சு வந்த ஒரு இந்திய எஞ்சினியரோட வேலையைப் படிச்ச பிறகுதான்.

நடுவில் நடந்ததை வேகமாச் சொல்லிடறேன். 1963 ஜூலை 1-ல் அமெரிக்காவில் ஜிப் கோடு வந்தது. ஐந்து இலக்கம். விலாசத்தைப் புரிஞ்சுக்கிற வேலையில் ஒரு பங்கை அனுப்புறவர்கிட்டயே தள்ளின பெரிய முயற்சி அது. எண்ணை நீங்களே எழுதுங்க, நாங்க பிரிச்சுக்கிறோம். 1965-ல் டெட்ராய்ட்டில் எழுத்தைப் படிக்கிற மெஷினை நிறுத்தினாங்க. அச்சடிச்ச எழுத்தை அது படிச்சது, கையெழுத்தில் மாட்டிக்கிச்சு.

அந்த முடிச்சை அவிழ்த்த குழு நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் இருந்தது. தலைமை சர்குர் ஸ்ரீஹரி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படிச்சவர். 1990-களின் பிற்பாதியில் அவங்க செஞ்ச மென்பொருள், கையால் எழுதின விலாசத்தைப் படிக்கிறதுக்காகத் தபால் துறையின் மெஷின்களில் ஏறிச்சு. எப்படிப் படிச்சதுன்னு கேளுங்க, அழகு அங்கேதான் இருக்கு. கையெழுத்தில் ஒரு தெருப் பேரை எடுத்த எடுப்பில் படிக்கிறது ரொம்பக் கஷ்டம், உலகத்தில் இருக்கிற எந்தச் சொல்லாகவும் இருக்கலாம். அதனால் முதலில் எண்களை மட்டும் படி. ஜிப் கோடு, வீட்டு எண். இந்த ஜிப் கோடில் இந்த எண் உள்ள வீடு எந்தெந்தத் தெருவில் இருக்குன்னு தபால் துறையின் பட்டியலைக் கேளு. பட்டியல் ஒரு சின்ன லிஸ்டைத் தரும். இப்போ அந்தக் கிறுக்கலைப் பார்த்து, "இது என்ன சொல்?"னு கேட்க வேண்டியதில்லை. "இந்த லிஸ்டில் எந்தச் சொல்லை மாதிரி இருக்கு?"ன்னு கேட்டாப் போதும்.

மார்பரி, ஸ்டாக்பிரிட்ஜ். தெரிஞ்ச ஒண்ணை வெச்சு, தெரியாததுக்கு இருக்கிற வாய்ப்புகளைச் சுருக்குறது. காலின்ஸ் அம்மா தலைக்குள் வெச்சிருந்த பட்டியல் ஸ்ரீஹரி காலத்தில் டேட்டாபேஸில் இருந்தது. மத்தபடி ரெண்டு பேர் செஞ்சதும் ஒரே வேலை.

அந்த மெஷினும் கைவிட்ட கடிதங்கள் என்ன ஆச்சு? கடிதத்தோட படம் இன்னொரு ஊரில் ஒரு ஹாலுக்குப் போகும். அங்கே வரிசையா மனுஷங்க உட்கார்ந்து, சில நொடிகளில் படிச்சு, டைப் பண்ணி, அடுத்த படத்துக்குப் போவாங்க. 1997 வாக்கில் அப்படிப்பட்ட மையங்கள் அமெரிக்காவில் 55 இருந்தது. மெஷின் தேறத் தேற ஒண்ணொண்ணா மூடிட்டாங்க. சால்ட் லேக் சிட்டியில் பெரிசா ஒண்ணு மிஞ்சிச்சு. டெட் லெட்டர் ஆபீஸும் இன்னும் இருக்கு, அட்லாண்டாவில், மெயில் ரிகவரி சென்டர்னு பேர் மாத்திக்கிட்டு.

சரி, ஸ்ரீஹரி வழியை அப்படியே எடுத்து நம்ம ஊரில் போடலாமே? நானும் அப்படித்தான் நினைச்சேன். ரெண்டு வாரம் ராத்திரி முழிச்சு எழுதிப் பார்த்தேன். முட்டின இடம் கோடிங் இல்லை. அந்த வழி வேலை செய்யணும்னா, நாட்டில் இருக்கிற ஒவ்வொரு வாசலையும் யாரோ ஒருத்தர் நடந்து போய்ப் பார்த்து, ஏற்கெனவே எழுதி வெச்சிருக்கணும். அமெரிக்காவில் அதைச் செஞ்சுட்டாங்க. இங்கே சென்னையிலேயே ஒரே வாசலில் பழைய எண், புதிய எண்ணுன்னு ரெண்டு எண் தொங்கும். கிராமத்தில் 'மாரியம்மன் கோயில் எதிரில், ஓட்டு வீடு' என்பதுதான் விலாசம். அதில் தப்பு ஒண்ணும் இல்லை. அந்த ஊர் தபால்காரருக்கு அது போதும்.

பின்கோடின் கதையே அதுதான். 1972 ஆகஸ்ட் 15, சுதந்திரத்தின் வெள்ளி விழா நாளில் அது வந்தது. உருவாக்கினவர் ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர், மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் அதிகாரி. சமஸ்கிருதக் கவிஞரும் கூட. ஒரே பேரில் பல ஊர், பல மொழி, பல எழுத்து, புரியாத கையெழுத்து, இதெல்லாம்தான் அவர் முன்னாடி இருந்த பிரச்சினை. முதல் இலக்கம் மண்டலம். 6-ன்னா தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, லட்சத்தீவு. 9 ராணுவத்துக்கு. முதல் மூணு இலக்கம் தபால் பிரிக்கிற மாவட்டம், கடைசி மூணு தபால் நிலையம். நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் தபால் நிலையங்கள், பின்கோடுகள் 19,000 சொச்சம். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு பின்கோடுக்குள் எத்தனை ஆயிரம் வாசல் இருக்கும்!

வேலன்கரோட எண் வாசலுக்குக் கொண்டுபோய் விடுறதில்லை. தபால்காரர் மேசை வரைக்கும் கொண்டுபோகும். மிச்சம் அவர் தலையில் இருக்கும். 'பெரியவர் சுப்பையா வீடு'ன்னு எழுதினாலும் எந்தச் சுப்பையான்னு அவருக்குத் தெரியும், போன மாசம் அவர் மகள் வீட்டுக்குப் போயிட்டார் என்பதும் தெரியும். அவருக்கும் தெரியலைன்னா கடைசி இடம் ஆர்.எல்.ஓ. ரிட்டர்ன்டு லெட்டர் ஆபீஸ், நம்மளோட டெட் லெட்டர் ஆபீஸ். 1898-ம் வருஷத்து இந்தியத் தபால் சட்டம் இதுக்கு ஒழுங்கான முறை வெச்சிருந்தது. முடிஞ்சா சரியான விலாசத்துக்குத் திருப்பி விடணும். முடியலைன்னா, ரகசியம் காக்கக் கடமைப்பட்ட ஒரு அதிகாரி மட்டும் பிரிச்சுப் பார்த்து, பெறுபவரையோ அனுப்பினவரையோ கண்டுபிடிக்கணும். 2024-ல் புதுச் சட்டம் அமலாகிற வரைக்கும், நூறு வருஷத்துக்கும் மேல் அந்தச் சட்டம்தான். என்னை யோசிக்க வெச்சது 'ரகசியம் காக்கக் கடமைப்பட்ட' என்கிற அந்த நிபந்தனை. எங்க கம்பெனியில் லேபிள் கிழிஞ்ச பார்சலை யார் பிரிக்கலாம்னு ஒரு வரி எழுதி வெச்சு நான் பார்த்ததில்லை.

தனியார் பார்சல் கம்பெனிகள் வந்தப்போ தபால் துறைகிட்டயிருந்து பின்கோடை எடுத்துக்கிட்டாங்க. தபால்காரரை எடுத்துக்கலை. என் ரூல் தடுக்கி விழுந்த பள்ளம் அதுதான். பின்கோடு முடிகிற இடத்தில் ஊர் தெரிஞ்ச ஒரு ஆள் நிற்பார்னு நம்பி உருவாக்கின எண் அது. எங்க கம்பெனியில் அந்த இடத்தில் நின்னது வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரமான ஒரு பையன், கையில் ஒரு போன்.

இதில் காசு எங்கே போகுதுன்னும் பார்க்கணும். அமெரிக்காவில் யு.பி.எஸ்., ஃபெடெக்ஸ் மாதிரிக் கம்பெனிகள் தப்பான விலாசத்தைத் திருத்தினா அனுப்பினவர்கிட்ட தனிக் கட்டணம் வாங்குறாங்க. யு.பி.எஸ்.ஸில் லேபிள் போன அநாதைப் பார்சலுக்கு 'ஓவர்கூட்ஸ்'னு பேர். பிரிச்சு, உள்ளே ஏதாவது சீட்டு இருக்கான்னு தேடுவாங்க. அதனால பார்சல் அனுப்புறப்போ உள்ளேயும் ஒரு துண்டுக் காகிதத்தில் விலாசமும் போன் நம்பரும் எழுதிப் போடுங்க. இந்த எபிசோடில் உடனே பயன்படுகிற ஒரே தகவல் இதுவாத்தான் இருக்கும். நம்ம ஊரில் பெரும்பாலும் அந்தத் திருத்தக் கட்டணத்தை யார் கட்டுறா? "அண்ணா, லேண்ட்மார்க் சொல்லுங்க"ன்னு வெயிலில் வண்டியை ஓரங்கட்டிட்டுக் கேட்கிறாரே, அந்தத் தம்பி. ஒரு பார்சலுக்கு இவ்வளவுன்னு சம்பளம் வாங்குற ஆளுக்கு, வீடு தேடின இருபது நிமிஷத்துக்குப் பைசா கிடையாது. காலின்ஸ் அம்மாவுக்காவது மேசையும் மாசச் சம்பளமும் இருந்தது.

2025-ல் தபால் துறை டிஜிபின் கொண்டுவந்தது. ஐ.ஐ.டி. ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தொலை உணர்வு மையமும் சேர்ந்து செஞ்சது. நாடு முழுக்க ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் பத்து எழுத்துக் குறியீடு. எஞ்சினியரா எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா அம்மாபேட்டை வாத்தியாருக்கு அந்தப் பத்து எழுத்தையும் அவர் மகன்தான் தட்டணும், 614-ஐ 641-னு தட்டின அதே விரலால்.

காது மெஷினுக்கு வருவோம். ரெண்டாவது முறை திரும்பி வந்தப்போ, எக்ஸப்ஷன் டேபிளில் மிஞ்சின அந்த ஒருத்தர் கண்ணில் அது பட்டது. ஐம்பது வயசு தாண்டினவர், தொண்ணூறுகளிலிருந்து கூரியர் பிரிக்கிற வேலையில் இருக்கிறவர். எல்லாருக்கும் அண்ணன். "இது போன வாரமும் வந்துச்சே"ன்னு எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கார். விலாசத்தின் மூணாவது வரியில் 'சாலியமங்கலம் தாண்டி'ன்னு இருந்தது. என் கோடு அந்த வரியைத் தொடவே இல்லை. 'தாண்டி', 'எதிரில்', 'பக்கத்தில்' மாதிரிச் சொல் வந்தா அந்த வரியைத் தூக்கிப் போடச் சொல்லி நானே எழுதியிருந்தேன்.

அண்ணன் மாடிக்கு வந்து என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்னார். "சாலியமங்கலம்னா தஞ்சாவூர் நீடாமங்கலம் ரூட்டு தம்பி. இதை யாரு கோயம்புத்தூருக்கு அனுப்புறது?"

"நான்தாண்ணே."

அவர் சிரிக்கலை, திட்டவும் இல்லை. லேபிள் மேல் மார்க்கரால் 'தஞ்சாவூர்'னு பெரிசா எழுதி எடுத்துட்டுப் போனார். மூணாவது நாள் டெலிவர்ட்னு வந்தது. முதல் முறை அனுப்பினதிலிருந்து கணக்குப் போட்டா 24 நாள். அத்தனை நாளும் அந்த வாத்தியார் வீட்டில் போன் அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு.

அதுக்கப்புறம் நான் ரூலை மாத்தினேன். ஒரே பேரில் பல ஊர் இருந்து, பின்கோடு அந்த ஊர்கள் எதோடயும் சேரலைன்னா மெஷின் முடிவு பண்ணக் கூடாது, மேசைக்கு அனுப்பணும். மேசைக்குப் போகிற எண்ணிக்கை ஏறிச்சு. மேனேஜர் முகம் இறங்கிச்சு. ஒரு மாசம் சண்டை போட்டு, மேசைக்கு இன்னொரு ஆளைத் திரும்ப வாங்கினோம். மூணு பேரில் ஒருத்தர்.

அண்ணன்கிட்ட ஒரு நீளமான அக்கவுண்ட் நோட்டு இருக்கும். ஒரே பேர் உள்ள ஊர்கள், பேர் மாறின ஊர்கள், ஜனங்க வாய்ப்பேச்சில் சொல்ற பேர்கள், எந்த ரூட், எந்த பேக், எல்லாம் அதில் இருந்தது. ஒரு நாள் டீக்கடையில் கேட்டேன். "அண்ணே, அந்த நோட்டைக் கொடுங்க, ரெண்டு நாளில் டேபிளாப் போட்டுடறேன். எல்லா ஹப்புக்கும் உதவும்."

அவர் டீயை ஆத்திக்கிட்டே சொன்னார். "எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு தம்பி?"

என்கிட்ட பதில் இல்லை. நோட்டை அவர் தரலை. ஆனா சனிக்கிழமை ஷிப்டில் வந்து பக்கத்தில் உட்காரச் சொன்னார். நாலு சனிக்கிழமை போய் உட்கார்ந்தேன். முதல் நாள் அவர் கத்துக்கொடுத்தது, லேபிளைக் கீழேயிருந்து மேலே படிக்கக் கூடாது, முதலில் ஆள் பேரைப் பாருன்னு. காலின்ஸ் பேரை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

அடுத்த எபிசோடில் வழக்கம்போலச் சோழர் காலத்துக்கே திரும்பிடலாம். உங்க ஊர் பேரில் தமிழ்நாட்டில் இன்னும் எத்தனை ஊர் இருக்குன்னு எழுதி அனுப்புங்க. பின்கோடோட.